3-2 இரட்டைப் பட்டமா, நேரடி நான்காண்டு பொறியியலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவில் மெக்கானிக்கல் படிக்கப் போகும் மாணவனுக்காகக் கேட்கிறேன். ஒன்று, சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் இளங்கலைக் கல்லூரி) மூன்று வருடம் இயற்பியல், பிறகு கூட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பொறியியல்; முடிவில் பி.ஏ., பி.எஸ். என இரண்டு பட்டம். மற்றது, மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி நான்கு வருடம்.

பயமே கணக்கு வரிசையில்தான். கால்குலஸ் 1, 2, பல மாறிக் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்: பெரும்பாலும் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது, ஆக நாலு செமஸ்டர். பையன் கால்குலஸுக்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸில் தொடங்கினால் ஐந்து. ஆறே செமஸ்டரில் இதோடு லேப் உள்ள இயற்பியல், வேதியியல், ஒரு புரோகிராமிங், இயற்பியல் மேஜர், பொதுப் பாடங்கள் எல்லாம் அடங்க வேண்டும். சின்னக் கல்லூரியில் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் 3-2 தானாக 4-2 ஆகிவிடும்.

முதல் கல்லூரி தரும் உதவித்தொகை பெரும்பாலும் இரண்டாவது இடத்துக்குக் கூடவே வராது. ஐந்தாவது வருடச் செலவு வேறு. நண்பர்கள் கடைசி வருடம் கொண்டாடும்போது இவன் புது ஊரில் பெட்டி பிரித்துக்கொண்டிருப்பான், அது இருக்கட்டும்.

தெரிய வேண்டியது: இரண்டு கல்லூரிகளின் ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வந்தால் இடம் உறுதி என்று எழுத்தில் இருக்கிறதா, இல்லை 'விண்ணப்பிக்கலாம்' என்று மட்டுமா என்பதை யாரிடம் கேட்பது? கடந்த சில வருடங்களில் எத்தனை பேர் உண்மையில் மாறினார்கள் என்று கேட்டால் சொல்வார்களா? எஃப்-1 (மாணவர் விசா) வைத்திருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இரண்டாவது கல்லூரியில் உதவித்தொகை கிடைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?