டெலே பி2 வாய்மொழித் தேர்வில் சமூகப் பிரச்சினைகளைப் பற்றிப் பேசுவது எப்படி?

கேள்வி – வலென்சியாவிலிருந்து

வணக்கம். ஸ்பெயினுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நவம்பரில் டெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் பி2 நிலை எழுதப் பணம் கட்டியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் வீட்டு வாடகை, சுற்றுச்சூழல், வேலை நேரம் என்று பொது விஷயங்களைப் பேச வேண்டுமாம். எதையெல்லாம் படித்து வைக்க வேண்டும்? எப்படிப் பேசினால் மதிப்பெண் கிடைக்கும்? குடியுரிமைக்கும் இந்தத் தேர்வு வேண்டுமா?

பதில் – மாட்ரிட்டிலிருந்து

குடியுரிமைக்கு பி2 தேவையில்லை. அதைவிடக் கீழ்நிலையான டெலே ஏ2-வும், ஸ்பெயினின் அரசியலமைப்பு, சமூகம் பற்றிய 25 கேள்விகள் கொண்ட சிசிஎஸ்இ தேர்வும் போதும். சிசிஎஸ்இ-யில் 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவிதி பத்து வருடம் சட்டப்படி குடியிருப்பது. பி2 கேட்பது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் வேலை தருபவர்களும்தான். டெலே சான்றிதழ் காலாவதியாகாது. சியெலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வின் சான்றிதழ் என்றால் ஐந்து வருடம்தான் செல்லும். அதில் பேசும்போது எதிரே ஆளும் கிடையாது, கணினியில் பதிவு செய்வார்கள்.

அடுத்து மதிப்பெண் கணக்கு. நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25. வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொரு தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் 50-க்கு 30 எடுத்தே ஆக வேண்டும். எழுத்தில் எவ்வளவு அள்ளினாலும் அது பேச்சுக்கு உதவாது. பேச்சில் 13 வந்தால் கேட்பதில் 17 வேண்டும். கேட்கும் பகுதியில் ஒலிப்பதிவு வேகமாக ஓடும், ஒரு கேள்வி தவறினால் அடுத்ததும் போய்விடும். அதனால் பேச்சில் 17, 18 எடுத்து வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அறையில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் உங்களோடு பேசுவார், மற்றவர் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பேசுபவர் ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பீடு தருவார். பேசாதவர் கோர்வை, சரளம், இலக்கணச் சுத்தம், சொல்வளம் என்று நான்கையும் தனித்தனியாகப் பார்ப்பார். இந்த நான்கில் ‘பொது அறிவு’ என்று ஒன்று இல்லை, ‘சரியான கருத்து’ என்றும் ஒன்று இல்லை. வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் ஒரே மதிப்பெண்தான். ஒரு கருத்தை முன்வைத்து, அதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொண்டு, யாருக்கு லாபம் யாருக்கு நஷ்டம் என்று பிரித்துச் சொல்லி, கேள்வி வந்தால் பிடித்து நிற்க முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். நம்மவர்கள் பலர் புள்ளிவிவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் இங்கேதான் நேரத்தை வீணாக்குகிறார்கள்.

மொத்தம் 20 நிமிடம் தயாரிப்பு, 20 நிமிடம் பேச்சு. முதல் இரண்டு பணிகளை மட்டுமே முன்கூட்டித் தயாரிக்கலாம். மூன்றாவது அறைக்குள் போன பிறகுதான் கைக்கு வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு தாள்கள் தந்து ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். தாளைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். எந்தத் தாளைப் பார்த்ததும் பெயர்ச்சொற்கள் நாக்கில் வருகின்றனவோ அதை எடுங்கள், விஷயம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். அதன் பிறகு முதல் பணிக்குப் பத்து நிமிடம், ஒரு படத்தைப் பற்றிப் பேசும் இரண்டாவது பணிக்கு எட்டு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். குறிப்புத் தாளை உள்ளே பார்க்கலாம், வாசிக்கக் கூடாது. முழு வாக்கியமாக எழுதியவர்கள் தவிர்க்க முடியாமல் வாசித்துவிடுவார்கள். ஒரு யோசனைக்கு மூன்று நான்கு சொற்கள் போதும்.

முதல் பணிதான் உங்கள் கேள்வியின் மையம். ஒரு பிரச்சினையும் அதைத் தீர்க்கச் சில யோசனைகளும் தாளில் இருக்கும். குறைந்தது நான்கு யோசனைகளின் நன்மை தீமைகளைத் தனியாகப் பேசிவிட்டு, பிறகு தேர்வாளருடன் உரையாட வேண்டும். எல்லாம் சேர்த்து ஆறேழு நிமிடம்.

நகரத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது என்பது பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். முதல் யோசனை, மையப்பகுதியில் சுற்றுலா வீடுகளைத் தடை செய்வது. பெரும்பாலானோர் ‘இது நல்ல யோசனை, ஏனென்றால் வாடகை குறையும்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள். அது ஒரு படி கீழான பி1 நிலைப் பதில். பி2 பதிலுக்கு இன்னும் மூன்று அடி எடுத்து வைக்க வேண்டும். யாருக்கு நன்மை: குடியிருக்க வீடு தேடுபவர்களுக்கு, இரவில் சத்தத்தால் தூங்க முடியாத அக்கம்பக்கத்தாருக்கு. யாருக்குப் பாதிப்பு: ஒரே ஒரு வீட்டை நம்பி வாழும் ஓய்வூதியருக்கு, துப்புரவு வேலை செய்பவர்களுக்கு, சுற்றியிருக்கும் கடைகளுக்கு. என்ன நிபந்தனை வைத்தால் சரியாகும்: ஒரேயடியாகத் தடை செய்யாமல் படிப்படியாக, அல்லது ஒருவருக்கு ஒரு உரிமம் மட்டும். இங்கே உண்மையான எடுத்துக்காட்டு ஒன்று கையில் இருந்தால் பேச்சு கனக்கும். பார்சிலோனா மாநகராட்சி 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களையும் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024-இல் அறிவித்தது. அந்த எண்ணைச் சொல்லத் தேவையில்லை. ‘பார்சிலோனாவில் இதை அறிவித்துவிட்டார்கள், அதே சமயம் உரிமையாளர்கள் எதிர்க்கிறார்கள்’ என்பதே போதும்.

இரண்டாவது யோசனை வாடகை உச்சவரம்பு என்றால், 2023 வீட்டுவசதிச் சட்டப்படி பார்சிலோனா இருக்கும் கத்தலூன்யா மாநிலத்தில் 2024 மார்ச்சிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதில் எழுந்த சிக்கல் அருமையான ‘தீமை’: சில உரிமையாளர்கள் அப்போது வரம்புக்குள் வராத குறுகிய காலக் குத்தகைக்கு மாறிக்கொண்டார்கள். ஒரு பிரச்சினையைத் தீர்க்கப்போய் இன்னொன்று முளைக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அதுதான் இவர்கள் எதிர்பார்க்கும் அலசல். மூன்றாவது, இளைஞர்களுக்கு வாடகை உதவி. போனோ அல்கிலேர் ஹோவென் திட்டம் 2022-இல் மாதம் 250 யூரோ உதவியோடு வந்தது. உதவி கிடைக்கிறது என்று தெரிந்ததும் வாடகையும் ஏறக்கூடும் என்பது மறுபக்கம்.

ஐந்தாறு யோசனைகளையும் சம அளவில் பேசாதீர்கள். நான்கை எடுத்து இரண்டை ஆழமாகவும் இரண்டைச் சுருக்கமாகவும் பேசிவிட்டு, கடைசியில் எது உங்கள் தேர்வு என்று சொல்லி நிறுத்துங்கள். அடுத்து, தாளில் உள்ள வாக்கியத்தை அப்படியே வாசிக்காதீர்கள். அங்கே ‘தடை செய்ய வேண்டும்’ என்று இருந்தால் நீங்கள் ‘இந்தத் தடை வந்தால்’ என்று மாற்றிச் சொல்லுங்கள்.

அந்த ‘வந்தால்’ வாக்கியத்தில்தான் இலக்கண மதிப்பெண் கிடக்கிறது. ‘சி எல் அயுந்தாமியேந்தோ ப்ரோயிபியேரா… பஹாரீயா எல் அல்கிலேர்’, அதாவது மாநகராட்சி தடை செய்தால் வாடகை குறையும். ‘சி’-க்குப் பின்னால் ‘-ரீயா’ வடிவம் போட்டால் அது உடனே காதில் குத்தும் தவறு. அதேபோல ‘க்ரேயோ கே எஸ்’ (என்று நினைக்கிறேன்) என உறுதியாகச் சொல்லும்போது சாதாரண நிகழ்காலம், ‘நோ க்ரேயோ கே சேயா’ (என்று நினைக்கவில்லை) என மறுக்கும்போது சுப்ஹுந்தீவோ, அதாவது ஐயம், விருப்பம், மதிப்பீடு போன்றவற்றுக்கான வினை வடிவம். ‘எஸ் வெர்தாத் கே’ (என்பது உண்மை) என்பதற்குப் பின் சாதாரணம், ‘எஸ் இன்ஹுஸ்தோ கே’ (என்பது அநியாயம்) என்பதற்குப் பின் சுப்ஹுந்தீவோ. இந்த நான்கும் தடுமாறாமல் வந்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

படப் பணியை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் படுவதைப் பட்டியல் போட்டால் மதிப்பெண் குறையும். இவர்கள் யார், இதற்கு முன் என்ன நடந்தது, இனி என்ன ஆகும் என்று ஊகியுங்கள். ‘கிசாஸ் எஸ்தேன்…’ (ஒருவேளை இருக்கலாம்), ‘தேபென் தே சேர்…’ (இவர்கள் இன்னாராக இருக்க வேண்டும்) போன்ற ஊக வடிவங்களுக்காகவே இந்தப் பணி இருக்கிறது.

மூன்றாவது பணியில் கருத்துக்கணிப்புக் கேள்விகளைக் காட்டுவார்கள். உங்கள் பதிலைச் சொன்ன பிறகு ஸ்பெயினில் வந்த முடிவுகளோடு ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு நிமிடம்தான், ஆனால் சதவீதங்களை வாசிக்கத் திணறி அதிலேயே நேரம் போய்விடும். 32,5 என்றால் நடுவில் ‘கோமா’. எல்லா எண்களையும் சொல்ல வேண்டாம். ‘காசி லா மிதாத்’ (கிட்டத்தட்டப் பாதி), ‘ஊனோ தே காதா த்ரேஸ்’ (மூவரில் ஒருவர்) என்று மாற்றிச் சொல்லி, ஒரு எண் ஏன் ஆச்சரியம் தருகிறது என்பதற்குப் போய்விடுங்கள். சிஐஎஸ் என்ற அரசு ஆய்வு மையம் மாதாமாதம் வெளியிடும் பாரோமெத்ரோ என்ற கருத்துக்கணிப்பு இணையத்தில் இலவசம். தினமும் அதிலிருந்து ஒரு அட்டவணையை எடுத்து மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் – பார்சிலோனாவிலிருந்து

மேலே அண்ணா சொன்னதோடு, தமிழ் பேசுறவங்களுக்கு மட்டும் வர்ற சில தவறுகளைச் சேர்க்கிறேன்.

‘லா ஹென்தே பியென்சா’ (மக்கள் நினைக்கிறாங்க)ன்னு ஒருமையிலதான் வரணும். நாம ‘மக்கள் நினைக்கிறாங்க’ன்னு யோசிக்கிறதால ‘பியென்சன்’னு வந்துடும். சமூகப் பிரச்சினை பேசும்போது இந்தச் சொல் பத்து தடவை வரும், பத்து தடவையும் தப்பாகும். ‘ப்ரோப்லேமா’ (பிரச்சினை), ‘தேமா’ (தலைப்பு) ரெண்டும் ஆண்பால், ‘லா’ பெண்பாலுக்கு வர்றது. ‘லா ப்ரோப்லேமா’ன்னு முதல் வாக்கியத்துலயே விழுந்துட்டா எதிர்ல இருக்கிறவர் காதைத் தீட்டிக்குவார்.

உச்சரிப்புல மெய்யெழுத்துல முடியுற சொல்லுக்கெல்லாம் நமக்கு ஒரு ‘உ’ ஒட்டிக்கும்: ‘வெர்தாது’, ‘சியுதாது’. இன்னொண்ணு, மூக்கொலிக்குப் பின்னாடி வர்ற வல்லினத்தை நாம மென்மையாக்கிடுவோம். ‘வந்தான்’ல வர்ற த மாதிரியே ‘இம்போர்தாந்தே’ன்னு சொல்லிடுவோம். அப்படியே பழகிட்டா ‘குவாந்தோ’ன்னு நீங்க சொன்னது ‘எவ்வளவு’வா ‘எப்போது’வான்னு கேக்குறவருக்குப் புரியாது. அதனால பயிற்சிக் குறிப்பைத் தமிழ் எழுத்துல எழுதி வைக்காதீங்க, இந்த வித்தியாசம் நம்ம எழுத்துல தெரியாது. ‘பேரோ’வும் (ஆனால்) ‘பெர்ரோ’வும் (நாய்) தனித்தனியா வரணும், அதுக்கு நாக்கை உருட்டிப் பழகணும். ஒரு நல்ல சேதி: ரெண்டு உயிரொலிக்கு நடுவுல வர்ற ‘த’ நமக்கு இயல்பாவே மென்மையா வரும். ‘நாதா’, ‘மெதீதா’ எல்லாம் ஸ்பானியர்கள் சொல்றபடியே வந்துடும்.

ஊர் எடுத்துக்காட்டுகளைத் தாராளமா சொல்லலாம். பிளாஸ்டிக் பத்தி வந்தா, 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததையும் மஞ்சப்பை இயக்கத்தையும் சொல்லுங்க. பொதுப் போக்குவரத்து வந்தா, 2021-லேர்ந்து பெண்களுக்கு டவுன் பஸ்ல கட்டணமில்லாததையும், 2022 செப்டம்பர்லேர்ந்து சில வருஷம் இங்க செர்கானியாஸ்ங்கிற புறநகர் ரயில்ல இலவசப் பாஸ் கொடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். நகரத் திட்டமிடல்னா 2015 சென்னை வெள்ளமும் 2024 அக்டோபர் 29 வலென்சியா வெள்ளமும். ஆத்து வழியிலயும் தாழ்வான இடத்துலயும் வீடு கட்டினது ரெண்டு இடத்துலயும் பேசுபொருள். நீங்க வலென்சியாவுலயே இருக்கீங்க, அங்கத்து மக்கள் மனசுல அது இன்னும் ஆறாத விஷயம். எண்ணிக்கையை அடுக்காம மரியாதையாப் பேசுங்க.

கேட்டவர்

ரொம்ப நன்றி. தேர்வாளர் என் கருத்தை எதிர்த்தால் ஒத்துப்போய்விடுவது நல்லதா? குடியேறிகள் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? மரியாதைச் சொல்லான ‘உஸ்தெத்’ (நீங்கள்) போட வேண்டுமா?

பதில் – மாட்ரிட்டிலிருந்து

எதிர்ப்பது அவர் வேலை, கோபம் இல்லை. உடனே ‘சி, சி, தியேனே ராசோன்’ (ஆமாம், நீங்கள் சொல்வது சரி) என்று சரணடைந்தால் உரையாடல் செத்துவிடும், அவர் மதிப்பிட எதுவும் மிஞ்சாது. ஒரு பாதியை ஒப்புக்கொண்டு மறுபாதியைக் காப்பாற்றுங்கள்: ‘எந்தியேந்தோ லோ கே தீசே, பேரோ…’ (நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால்…). கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், ஓரிரு முறை கேட்பதில் தவறில்லை. புரியாமல் வேறெதற்கோ பதில் சொல்வதுதான் பெரிய சேதம். யோசிக்க நேரம் வேண்டுமானால் ஆங்கிலத்தில் இழுக்காமல் ‘புவேஸ்…’, ‘ஆ வேர்…’ என்று இழுங்கள்.

‘உஸ்தெத்’ பாதுகாப்பானது. அவர் நீ என்று பேசலாமா எனக் கேட்டால் மாறிக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள்.

தாள்களில் பெரும்பாலும் வேலை, கல்வி, உடல்நலம், நுகர்வு, தொழில்நுட்பம், சுற்றுலா போன்றவைதான் வரும். கட்சி அரசியல் வராது. குடியேற்றம் பற்றிப் பேச்சு திரும்பினால் உங்கள் விசாக் கதைக்குள் போகாதீர்கள். ‘புதிதாக வருபவர்களுக்கு மொழி வகுப்பு, படிப்புச் சான்றுக்கு அங்கீகாரம், வீடு’ என்று மூன்றாக விரித்தால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நிலத்திலேயே நிற்பீர்கள்.

பதில் – லண்டனிலை இருந்து

இஞ்சை பிரிட்டன் பள்ளிக்கூடங்களிலை பிள்ளையளுக்கு ஏ லெவல் ஸ்பானிஷ் எடுக்கிற ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டபடியால் ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். மேலை சொன்னது அங்கை பொருந்தாது. ஏக்யூஏ எண்ட தேர்வுச் சபையின்ரை வாய்மொழித் தேர்வு 60 புள்ளி, முழுப் பெறுபேற்றிலை 30 வீதம். ஐந்து நிமிசம் ஆயத்தம், கார்டைப் பற்றி ஐந்தாறு நிமிசம், பிறகு சொந்த ஆய்வை இரண்டு நிமிசம் சொல்லி 9, 10 நிமிசம் கதைக்கவேணும். அங்கை ஸ்பானிஷ் பேசுற நாடுகளைப் பற்றின அறிவுக்கும் அலசலுக்கும் தனிப் புள்ளி இருக்கு. இனவாதம் எண்ட கார்டுக்கு லண்டன் கதையைச் சொன்னால் அந்தப் புள்ளி வராது. ஆண் பெண் சமத்துவம் எண்டால் ஸ்பெயினிலை பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கிற 2004 சட்டம், 2005 ஒருபால் திருமணச் சட்டம் எண்டு ஆண்டோடை தெரிஞ்சிருக்கவேணும். ஒரு தலைப்புக்கு இரண்டு மூன்று உண்மைகளை வடிவாப் படிச்சு, அதை வைச்சு வாதாடப் பழக்குங்கோ.

பதில் – மாட்ரிட்டிலிருந்து

கேட்டவருக்கு இன்னொன்று. வாய்மொழித் தேர்வு எழுத்துத் தேர்வு நாளிலேயே இருக்கும் என்று நினைத்து ரயில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள், வேறு நாளிலும் வைப்பார்கள். அழைப்புக் கடிதத்தில் தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கும். பதிவு செய்தபோது கொடுத்த அடையாள ஆவணத்தின் அசலைக் கொண்டுபோங்கள், போனில் இருக்கும் படம் செல்லாது.