வெந்நீர்த் தொட்டிக்குக் கீசர் பாயிண்டிலிருந்தே லைன் இழுக்கலாமா?

மலைவீட்டுக்காரன்:
கோத்தகிரியில் எங்கள் வீடு. மருமகன் ஆசைப்பட்டு வாங்கிய ஹாட் டப் ஒன்று பின்முற்றத்தில் வந்து இறங்கியிருக்கிறது. அதன் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் 3 கிலோவாட், பம்பு 1.5 கிலோவாட் என்று இருக்கிறது. "குளியலறைக் கீசர் பாயிண்டிலிருந்து இழுத்துவிடலாம் அண்ணா, ஒரு மணி நேர வேலை" என்கிறார் எலக்ட்ரீஷியன் தம்பி. போன மாதம் கீசர் குழாயைத் தொட்டபோது சுள்ளென்று இழுத்ததாக மனைவி தடுக்கிறாள். ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறது, டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. அது போதாதா?

வெந்நீர்ப்பிரியன்:
விறகடுப்பும் அண்டாவும் இருந்த காலத்தில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை!

பழைய ஃபியூஸ்:
முப்பது வருடம் வயரிங் ஒப்பந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். தம்பி சொன்ன ஒரு மணி நேரத்தை மறந்துவிடுங்கள். ஹீட்டரும் பம்பும் சேர்ந்து 4500 வாட். அதை 230ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 20 ஆம்பியர். கீசர் பாயிண்ட் 16 ஆம்பியருக்கானது.

அதைவிட என்னை உறுத்துவது உங்கள் மனைவி சொன்னதுதான். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, கீசர் பிளக் பாயிண்டின் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எர்த் துளைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு துண்டு வயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மலைவீட்டுக்காரன்:
ஐயா, விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர்! எர்த் கம்பி என்று வேறு எதுவுமே இல்லை. பிறகு ஏன் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறது?

பழைய ஃபியூஸ்:
அந்தப் பட்டனுக்கு எர்த் தேவையே இல்லை. ஆர்.சி.சி.பி.யின் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிட்டு, அது விழுகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் இறக்கும் குழி) வறண்டு கிடந்தாலும், பிட்டே இல்லாவிட்டாலும் விழும்.

துண்டு வயரால் இரண்டு கெடுதல். ஹீட்டர் காயில் ஓட்டையாகிக் கரண்ட் கசிந்தால், அது அந்த வயர் வழியாக நியூட்ரலிலேயே திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் ஆர்.சி.சி.பி விழாது. எங்கேயாவது நியூட்ரல் அறுந்தாலோ கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட். இன்றைக்கே அந்த வயரை எடுத்துவிடுங்கள், எர்த் வரும்வரை கீசரைப் போடாதீர்கள்.

தொட்டிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் போடுங்கள்: 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 32 ஆம்பியர் எம்.சி.பி (ஓவர்லோடானால் விழும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும், ஆர்.சி.சி.பி மட்டும் ஓவர்லோடுக்கு விழாது. முற்றத்தில் புதைப்பது ஆர்மர்டு கேபிளாக, அதாவது உலோகக் கவசம் போட்ட கேபிளாக இருக்கட்டும். லைனை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சைத் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி, ஆனால் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நனைந்த கை எட்டவே கூடாது. பக்கத்தில் இரும்புக் கைப்பிடியோ உலோகக் குழாயோ இருந்தால் அதையும் எர்த்தோடு இணைக்க வேண்டும். புது எர்த் பிட்டின் தடையை எர்த் மெக்கர் என்ற அளவுக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் வாயால் சொல்லும் கணக்கை நம்ப மாட்டேன்.

மலைவீட்டுக்காரன்:
துண்டு வயர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. தம்பியிடம் காட்டினேன். "எல்லா வீட்டிலும் இப்படித்தான் போடுகிறோம்" என்றார். வேறு ஆள் பார்க்கிறேன், லைசென்ஸ் உள்ளவராக.

பழைய ஃபியூஸ்:
அதுவரை தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டாம். மின்வாரியத்தில் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பில்லில் பாருங்கள், கூட்ட வேண்டியிருக்கும்.