டூட்டில நாள் பூரா நடக்கறேன், அப்பவும் வெயிட் ஏறுதே?

வார்டுக்காரி:
ஸ்டாஃப் நர்ஸா சேர்ந்து 9 வருஷம். ஒரு டூட்டிக்கு வாட்ச்ல 9,000 ஸ்டெப் காட்டுது, சில நாள் 11,000 கூட. சேர்ந்தப்ப 56 கிலோ, இப்ப 71. "நல்லா நடங்க, வெயிட்ட குறைங்க"ன்னு பேஷன்ட்கிட்ட சொல்றப்ப அவங்க பார்வை நேரா என் வயித்துக்குப் போகுது. மாசத்துல பத்து நைட் வேற. இவ்ளோ நடந்தும் இது எக்சர்சைஸ் கணக்குல வராதா? ஜிம்முக்கு போங்கன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, டூட்டி முடிஞ்சா நின்னுட்டே தூங்கிடுவேன்.

லேப்ஸ்டூல்:
உங்களுக்காவது 9,000 சிஸ்டர். ஆஸ்பத்திரில எல்லாரும் ஓடிட்டே இருக்கோம்னு வெளில நெனப்பு, லேப், பில்லிங், ரெக்கார்ட்ஸ் ஆளுங்க எல்லாம் சீட்டோட ஒட்டிக் கெடக்கறோம். எனக்கு 2,000 தாண்டினா அன்னிக்கு மிஷின் ரிப்பேர்னு அர்த்தம்.

பிசியோ_அண்ணா:
சிஸ்டர், ஸ்டெப் பொய்யில்ல, ஆனா வார்டு நடைங்கறது பெட்டுக்குப் பெட்டு நாலடி, நின்னு மருந்து, திரும்ப நாலடி. மூச்சு வாங்காது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதாவது பேச்சு வரணும் பாட்டு வரக்கூடாது, அந்த வேகம். கூட 2 நாளாவது தசைக்கு. முன்னாடி ஒரே மூச்சுல 10 நிமிஷமாவது செஞ்சாதான் கணக்குன்னு இருந்தத அப்பவே எடுத்துட்டாங்க, அதனால ரெண்டு நிமிஷம் வேகமா படி ஏறினாலும் சேரும். ஒரு நாளைக்கு 10,000 ஸ்டெப் நடக்கணும்ங்கறதும் டாக்டர் யாரும் எழுதினதில்ல, 1965ல ஜப்பான்ல வித்த ஒரு ஸ்டெப் எண்ற கருவியோட பேரு அது. பேஷன்ட்ட தூக்கி மாத்தறத தசைப் பயிற்சின்னு நெனச்சுக்காதீங்க, அவசரத்துல குனிஞ்சு தூக்கினா இடுப்புதான் போகும்.

லேப்ஸ்டூல்:
படியா? எங்க பில்டிங்ல படிக்கட்டு கதவுக்குப் பூட்டு, சாவி செக்யூரிட்டிகிட்ட!! தீப்பிடிச்சாலும் லிஃப்ட்டுக்கு க்யூ நிக்கணும் போல.

நைட்_டாக்டர்:
நடைய விட்டுட்டு நைட்ட பாருங்கம்மா. தூக்கம் கொறைஞ்சா பசிய தூண்டற கிரெலின் ஏறும், போதும்னு சொல்ற லெப்டின் எறங்கும், போதாததுக்கு ராத்திரில இன்சுலின் மந்தமா வேலை செய்யறதால பகல்ல சாப்பிட்ட அதே சாப்பாடே ராத்திரி சாப்பிட்டா சுகர அதிகமா ஏத்தும். டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே வயிறார சாப்பிட்டுட்டு, நடு ராத்திரிக்கு மேல முடிஞ்சவரைக்கும் லேசா வெச்சுக்கோங்க. தைராய்டும் சுகரும் ஒரு தடவ பாத்துடுங்க. இவ்ளோ சொல்ற நானே மூணு மணிக்கு டப்பாவ தொறக்கற ஆளுதான், திட்டாதீங்க.

வார்டுக்காரி:
தைராய்டு போன வருஷம் பாத்தேன் டாக்டர், நார்மல். அந்த மூணு மணி டப்பாதான் மாட்டிக்கிச்சு, அத நான் சாப்பாடுன்னே எண்ணல. அண்ணா, நாளைக்கு நைட், வார்டு நாலாவது மாடி. மொதல்ல அந்தக் கதவு தொறந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்.