சூடான பழைய சாகா கார் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை: கார்புரேட்டரில் எங்கே கை வைப்பது?

வணக்கம். 1988 புரோட்டான் சாகா, 1.3, கார்புரேட்டர், மேனுவல் கியர். இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட்.

மூன்று வாரமாக இதே தொல்லை. காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். நெடுஞ்சாலையில் சூட்டு முள் பாதியைத் தாண்டாது. ஆனால் ஓடிச் சூடேறிய பின் பதினைந்து நிமிடம் நிறுத்தினால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிப்பதில்லை. ஆக்சிலேட்டரைத் தரைவரை அழுத்திச் சுற்றினால் சில சமயம் கரும்புகை கக்கிப் பிடிக்கும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் பிளக்கைக் கழற்றினால் நுனி கறுத்து, பெட்ரோல் சொட்டுகிறது. தீப்பொறி நல்ல நீலம். அதனால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகிக்கவில்லை, பெட்ரோல்தான் அதிகமாக இறங்குகிறது.

நான்கு பிளக், பெட்ரோல் ஃபில்டர், பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. மிஞ்சும் பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை ஊதிப் பார்த்தாயிற்று, அடைப்பில்லை. சோக் தகடு சூட்டில் முழுதாகத் திறக்கிறது. தொடாதவை இரண்டு: கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவைத் திறந்து மூடும் நீடில் வால்வு, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள சூடு தடுக்கும் தட்டு. ஃபோர்மேன் (மெக்கானிக்) கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். அசல் பாகத்தை இழக்க மனமில்லை.

பள்ளி விடுமுறையில் லாத்தா கிஞ்சாங் அருவியில் இரண்டு இரவு கூடாரம், பிறகு கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகம். 1985இல் வெளிவந்த முதல் சாகா அங்கே சேர்க்கப்பட்டது. பிள்ளைகளை இந்தக் காரிலேயே கூட்டிப்போக வேண்டும். நான்கு பேர், கூடாரம், அடுப்பு என்று பாரம் அதிகம், வழியில் நிறுத்தாமல் முடியாது.

நீடில் வால்வு, அடித்தட்டு: முதலில் எதை மாற்றுவது?