எங்கட வட்டாரத்துச் சுயேச்சை வேட்பாளர் சொன்னதும் சொல்லாததும்

ஏப்ரல் 2025

உறவுகளுக்கு வணக்கம்.

2025 மே 6 இல் இலங்கையில் நடக்கப்போகிற உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் எங்கட வட்டாரத்தில் சுயேச்சைக் குழுவில் நிற்கிற தம்பியோடு, வெளிநாடுகளில் இருக்கிற எங்கட ஊர்ச் சங்கத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை சூமில் கதைத்தோம். கனடா, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லாப் பக்கத்தாலும் ஆட்கள் வந்தவை. வர வசதிப்படாதவைக்காக இந்த மடல். பெயரை வேண்டுமென்றுதான் போடவில்லை. ஊரில் ஆளைத் தெரியாதவர் இல்லை, இந்த மடல் கைமாறிக் கைமாறி யாரோ ஒருவரின் முகநூலில் போய் நிற்கும் என்பதும் தெரிந்ததுதான்.

"தனி ஆள் வென்று என்னத்தைக் கிழிக்கிறது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிரதேச சபை என்கிற எங்கட உள்ளூராட்சிச் சபைக்குத் தனி ஆளாக நிற்க ஏலாது. சபையின் எல்லா வட்டாரங்களுக்கும் ஆட்களைப் பிடித்து, மேலதிகப் பட்டியலும் சேர்த்து, பெண்களுக்கு உரிய பங்கும் குறையாமல் குழுவாகத்தான் நியமனப் பத்திரம் கொடுக்க வேண்டும். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு ஆளுக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000. மார்ச் மாதத்தில் சின்னச் சின்னப் பிழைகளுக்காக எத்தனையோ பட்டியல்கள் தள்ளுபடியானதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டியதே இவர்களுக்குப் பாதி வேலை.

வாக்கு வீணாகப் போகும் என்று கட்சிக்காரர் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறார்களாம். அது முழு உண்மை இல்லை. 2017 இல் சட்டம் திருத்தியதில் இருந்து உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 வீதம் குழுக்கள் எடுத்த வாக்குக்கு ஏற்ற விகிதாசாரம். போடுகிறது ஒரு புள்ளடிதான். ஆனால் வட்டாரத்தில் தோற்றவருக்கு விழுந்த வாக்கும் சபை முழுதுமாகக் குழுவின் கணக்கில் சேரும்.

இனி அவருடைய கருத்துகள்.

வீதியைப் பற்றி அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. எல்லாத்தையும் திருத்தித் தருவேன் என்று சொல்லவில்லை. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்த தரத்து வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு, ஒழுங்கைகளும் உள்வீதிகளும்தான் பிரதேச சபைக்கு என்று பிரித்துக் காட்டினார். மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆகவே அந்த வீதிகளுக்கு ஆளுநருக்கு மனு எழுதலாம், அவ்வளவுதான் என்றார். பிரதேச சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்த பிறகு இந்தத் தேர்தல் வரை செயலாளர் கையில்தான். லைற் எரியாவிட்டால் கேட்க ஒரு உறுப்பினர் இல்லாமல் இரண்டு வருடம் போயிருக்கிறது. தெருவிளக்கு, வாசிகசாலை, சுடலைப் பாதை எல்லாம் வழமையான பதில்கள்தான், அதில் மினக்கெடவில்லை.

அவர் அதிகம் கதைத்தது வெள்ளத்தையும் கிணற்றையும் பற்றி. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும். எங்கட பக்கத்து மழைத்தண்ணி குளத்துக்குப் போய், குளம் முட்டி, வாய்க்காலால் வழுக்கியாற்றுக்கு இறங்கி அராலிப் பக்கத்தால் கடலுக்குப் போக வேண்டும். 2008 இல் நிஷா புயலுக்கு நின்ற வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 நவம்பரிலும் சனம் பள்ளிக்கூடங்களில் போய் இருந்தது. ஏன் வடியவில்லை என்று அவர் ஒவ்வொரு மதகாகப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார். மண் மூடின மதகு சில. மற்றதெல்லாம் மதில்.

இந்த இடத்தில் சூமில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. முந்தி கிளுவையும் பூவரசும் நட்ட வேலி, அடியால் தண்ணி ஓடும். இப்போது அத்திவாரம் போட்டு எழுப்பின மதில், வாய்க்கால் கரையைத் தாண்டி, சில இடங்களில் வாய்க்காலுக்கு மேலேயே. கட்டினவர்கள் யார்? பாதிக்கு மேல் நாங்கள்தான். வெளிநாட்டுக் காசு அனுப்பி, ஊரில் இருக்கிற யாரையும் நின்று பார்க்கச் சொல்லிக் கட்டினது. எல்லை மதிலுக்கும் சபையின் அனுமதி வேண்டும், வாய்க்கால் ஒதுக்கு விட்டுத்தான் அனுமதி கொடுக்க வேண்டும், இனிமேல் அதில் ஒரு மதிலுக்கும் நான் கண்ணை மூடமாட்டேன் என்றார். கட்டி முடிந்ததை என்ன செய்வது என்று கேட்டோம். இடிக்கச் சொல்லமாட்டேன், அடியில் குழாய் வைத்துத் தண்ணி விட உரிமையாளர் சம்மதக் கடிதம் தந்தால் போதும் என்றார். வாக்குக் கேட்க வந்த இடத்தில் இதைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். எங்களுக்கு வாக்கில்லை என்ற தைரியமோ தெரியாது.

அடுத்தது பற்றைக்காணிகள். பூட்டிக் கிடக்கிற வீடு, மூடாத கிணறு, நிரம்பி வழிகிற தண்ணித் தொட்டி. 2007 ஆம் ஆண்டு நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி உரிமையாளர் மேல் வழக்குப் போடலாம். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவித்தலைக் கொண்டுபோய் எந்தப் படலையில் ஒட்டுவது? ஆள் கனடாவில், ஸ்காபரோவில். சபைக்குக் கட்டுகிற சோலைவரியும் (ஆதன வரி) அதே கதைதான், கட்ட மனம் இல்லாமல் இல்லை, பற்றுச்சீட்டு யாருக்கு அனுப்புவது என்று சபைக்கே தெரியாது. ஒவ்வொரு காணிக்கும் ஊரில் பொறுப்பான ஒருவரின் பெயரும் தொலைபேசியும் சபையில் பதியவேண்டும் என்று பிரேரணை கொண்டுவரப் போகிறாராம். இதற்குச் சங்கத்தின் உதவியைக் கேட்டார். காசு கேட்கவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். 2023 இல் வந்த தேர்தல் செலவுச் சட்டத்தின்படி முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் காட்டவேண்டும், உங்கட காசால் எனக்குத் தலையிடி வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

கிணற்றுத் தண்ணி விசயத்தில் நியாயமாகத் தொடங்கி நடுவில் வழுக்கிவிட்டார். எங்கட நிலம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றுகிறது எல்லாம் கீழே போகும். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் வருகிறது என்று ஆய்வாளர்கள் எத்தனையோ வருடமாகச் சொல்கிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். நல்லது. ஆனால் வட்டாரத்தில் எத்தனை கிணற்றுக்குப் பரிசோதனை செய்வீர்கள், யார் செலவு என்று கேட்டால் "பார்த்துச் செய்வோம்". குப்பையும் அப்படியே. வீட்டில் தரம் பிரிக்க வேண்டுமாம், சரி, பிரித்த குப்பை உழவு மெசினில் ஏறிப் போய் எங்கே கொட்டப்படும் என்பதற்குப் பதில் இல்லை.

நான் விடாமல் கேட்டது வேறொன்று. 2018 இல் வடக்கில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் பாதி கிடைக்கவில்லை, சபைத் தலைவரான தவிசாளரை உறுப்பினர்கள் வாக்கெடுத்துத்தான் தெரிவு செய்தார்கள். இந்த முறையும் அப்படி வந்தால் உங்கட குழுவின் கை யாருக்கு உயரும்? இரண்டு தரம் கேட்டும் "சனத்தைக் கேட்டு முடிவெடுப்போம்" என்றுதான் சொன்னார். சுயேச்சைக்குப் புள்ளடி போடுகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். மதில் விசயத்தில் எங்கட முகத்துக்கு நேரே கதைத்தவர் இதில் மழுப்பினது எனக்கு ஏமாற்றம்.

பெரியவர்கள் சிலர் இராணுவத்தின் கையில் இருக்கிற காணிகளின் விடுவிப்பைப் பற்றிக் கேட்டார்கள். 1990 இல் மூடின வசாவிளான் பலாலி வீதி 2025 ஏப்ரலில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தது. மிச்சக் காணிக்குத் தீர்மானம் போட்டால் ஆதரிப்பேன், ஆனால் பிரதேச சபையால் அதை எடுத்துத் தரலாம் என்று சொல்லமாட்டேன் என்றார். பாரிசில் இருந்து கேட்ட அண்ணைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்குப் பிழையாகப் படவில்லை.

சங்கம் யாரையும் ஆதரிப்பதில்லை என்பது பழைய முடிவு, அதில் மாற்றம் இல்லை. ஊருக்கு ரெலிபோன் எடுத்து இவருக்குப் போடு, அவருக்குப் போடாதே என்று சொல்வதையும் கொஞ்சம் குறைப்போம். மாரிக்கு வெள்ளத்துக்குள் நிற்கப்போவது அவர்கள். கட்சிகளில் நிற்கிற மற்ற இருவருக்கும் இதே கேள்விகளை அனுப்பியிருக்கிறேன். ஒருவர் வருகிற ஞாயிறு சூமுக்கு வரச் சம்மதித்திருக்கிறார், மற்றவரிடமிருந்து பதில் இல்லை.

யார் வென்றாலும் அந்தக் காணிப் பதிவை நாங்களே தொடங்கலாம். ஊரில் காணி உள்ளவர்கள் இடமும், அங்கே பொறுப்பாக இருப்பவரின் சம்மதத்தோடு அவருடைய தொடர்பும் எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். குழுவுக்கு அனுப்ப வேண்டாம். வாய்க்கால் கரையில் மதில் உள்ளவர்கள் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள், மதகுப் படங்களை அனுப்பிவைக்கிறேன்.