மிச்சக் கரண்டைத் திருப்பிக் கொடுத்தால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? 12 கிலோவாட் போடலாமா?

வாசுகி, புக்கிட் மெர்தாஜாம்

எல்லாருக்கும் வணக்கம். கூரையில் சோலார் போடுவது பற்றி மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. போட்டு அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எங்களுடையது இரட்டை மாடித் தேரஸ், ஓரத்து வீடு, மூன்று ஃபேஸ் இணைப்பு. என் கணவருக்குப் பிறையில் தொழிற்சாலை வேலை. இரண்டு வாரம் இரவு ஷிப்ட், இரண்டு வாரம் பகல் ஷிப்ட். இரவு ஷிப்ட் வந்துவிட்டால் காலை 9 மணிக்குப் படுத்து மாலை 4 மணிக்குத்தான் எழுந்திருப்பார். மாடி அறை மேற்குப் பக்கம். அந்த வெயிலில் ஏர்கோன் இல்லாமல் மனிதர் கண்ணை மூட முடியாது. அம்மா கீழே இருக்கிறார், 78 வயது, அவருக்குக் காற்றாடி போதும். மாதம் 780 யூனிட் அளவில் ஓடுகிறது, பில் 340 வெள்ளிக்குப் (மலேசிய ரிங்கிட்) பக்கத்தில் வருகிறது.

விலை சொல்ல வந்த தம்பி 12 கிலோவாட் போடச் சொல்கிறார், 42,000 வெள்ளி. "மிச்சத்தைக் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பிக்கு, கொடுத்துவிடுங்கள், பில்லே வராது, கிரெடிட் சேர்ந்துகொண்டே போகும்" என்கிறார். நான் கேட்டதால் 6 கிலோவாட்டுக்கும் விலை கொடுத்தார், 24,000. ஆனால் "அது உங்கள் வீட்டுக்குப் பற்றாது அக்கா" என்று அதை ஓரமாக வைத்துவிட்டார். மூன்று வீடு தள்ளி இருப்பவர் 2023-இல் போட்டார். அவருக்கு இப்போது பில் என்று பெரிதாக எதுவும் வருவதில்லை, பார்த்திருக்கிறேன்.

இது என் கணவருக்கு 50 வயதானதும் எடுத்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும். அந்த வீட்டுக்காரருக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைக்குமா?

---

செந்தூல் குமரன்

அக்கா, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் கோலாலம்பூரில் 2022-இல் போட்டவன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரே திட்டத்தில் இருக்கிறோம், என்இஎம் 3.0 என்கிற பழைய கூரை சோலார் திட்டம். அந்தக் கதவு 2025 ஜூன் 30-ஓடு மூடிவிட்டது. அவருடைய பில்லை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

எங்களுக்கு ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழியும். பகலில் கொடுத்ததை இரவில் வாங்கிக்கொள்கிற மாதிரி. அந்த மாதம் மிச்சமானால் 12 மாதம் வரை சேர்த்தும் வைக்கலாம். பத்து வருடத்துக்கு இந்த ஏற்பாடு. அதனால் அன்றைக்குப் பெரிதாகப் போட்டவர்களுக்கு நஷ்டமில்லை.

2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருப்பது சோலார் அத்தாப் என்கிற புதுத் திட்டம். அதில் மூன்று ஃபேஸ் வீடு 15 கிலோவாட் வரை போடலாம், ஒற்றை ஃபேஸ் என்றால் 5. ஆகவே 12 போடுவது விதிப்படி சரிதான். விதி விடுகிறது என்பதற்காக நமக்கு லாபம் என்று ஆகிவிடாது.

2025 ஜூலையில் பில் மாறியதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு முதல் 200 யூனிட் 21.80 சென், அப்புறம் ஏறிக்கொண்டே போகும். இப்போது ஒரு யூனிட்டை மூன்று துண்டாகப் போடுகிறார்கள். எரிசக்திக் கட்டணம் 27.03 சென் (மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு), திறன் கட்டணம் 4.55, வலையமைப்புக் கட்டணம் 12.85. மொத்தம் 44.43 சென். உங்கள் சோலார் தகடு உற்பத்தி செய்வதை வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தினால் அந்த யூனிட்டை நீங்கள் வாங்கவே இல்லை, 44.43 முழுதும் மிச்சம். அதே யூனிட் வெளியே போனால் அத்தாப்பில் எரிசக்திக் கட்டணத்துக்கு மட்டும்தான் ஈடு, அதாவது 27.03. அதுவும் அந்த மாதத்துக்குள் கழிய வேண்டும். அடுத்த மாதத்துக்கு வராது. கழித்தது போக நிற்பது போனது போனதுதான். "கிரெடிட் சேர்ந்துகொண்டே போகும்" என்று அந்தத் தம்பி சொன்னது பழைய திட்டத்தின் பேச்சு.

எனவே உங்கள் வீட்டில் பகலில் எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஒரு வாரம் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டரைப் பார்த்து எழுதி வையுங்கள். மாமாவின் இரவு ஷிப்ட் வாரம் ஒன்று, பகல் ஷிப்ட் வாரம் ஒன்று. அந்த எண்களோடு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

---

பட்டர்வொர்த் வயர்மேன்

தங்கச்சி, குமரன் காசுக் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கம்பிக் கணக்கைச் சொல்கிறேன். 30 வருடமாக இந்த வேலை.

கரண்டு வெளியே போக வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் (தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி) வெளியிலிருக்கும் வோல்டேஜை விடச் சற்று உயர்த்தித் தள்ள வேண்டும். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி. இங்கே நமக்கு 230 வோல்ட், மேலே 10 விழுக்காடு வரைதான் அனுமதி, அதாவது 253. அதைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பகல், நல்ல வெயில், வீட்டில் யாரும் எதையும் போடவில்லை, அதே லைனில் நாலு வீட்டில் சோலார். அப்போதுதான் இது நடக்கும். நிறைய உற்பத்தியாகிற நேரத்தில் பெட்டி நின்று நின்று ஓடும். வீட்டுக்காரருக்கு மாதக் கடைசியில்தான் தெரியும், யூனிட் குறைகிறதே என்று.

போன வருடம் ஒரு வீட்டுக்குப் பார்க்கப் போனேன். இன்வெர்ட்டர் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், மெயின் பெட்டி வீட்டின் பின்பக்கம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கேபிளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கேபிளிலேயே வோல்டேஜ் ஏறுகிறது. கேபிளை மாற்றினோம், சரியாகிவிட்டது. ஆனால் அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில். ஆகவே விலைப் பட்டியலில் கேபிள் அளவு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் தூரம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். சேடாவின் (இந்தத் திட்டங்களைக் கவனிக்கிற அரசு அமைப்பு) பதிவுப் பட்டியலில் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அம்மா வயதானவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் கரண்டு போனால் வெயில் எவ்வளவு அடித்தாலும் சாதாரண சோலார் ஓடாது. லைனில் ஏறி வேலை செய்கிறவன் உயிருக்காக அது தானே அணைந்துவிட வேண்டும், அப்படித்தான் செய்கிறார்கள். கரண்டு இல்லாத நேரத்திலும் காற்றாடி சுற்ற வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அது வேறு செலவு.

---

வாசுகி, புக்கிட் மெர்தாஜாம்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷிப்ட் மாறும் வரை காத்திருந்தேன்.

காலண்டர் தாளிலேயே எழுதி வைத்தேன். 9 முதல் 5 வரை, இரவு ஷிப்ட் வாரத்தில் 77 யூனிட், பகல் ஷிப்ட் வாரத்தில் 49. நாளுக்கு 11, நாளுக்கு 7. இரவில்தான் நிறையப் போகிறது, மூன்று அறையிலும் ஏர்கோன். இதற்கு முன் மீட்டர் பெட்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை.

---

செந்தூல் குமரன்

அருமை அக்கா. சராசரி நாளுக்கு 9, மாதம் 270 யூனிட்.

நம் ஊரில் ஒரு கிலோவாட் தகடு மாதம் சுமார் 100 யூனிட் தரும், நல்ல வெயில் மாதத்தில் கொஞ்சம் கூடும், மழைக் காலத்தில் குறையும். நான் 103 என்று வைத்துக்கொள்கிறேன். 6 கிலோவாட் என்றால் 620 யூனிட். அதில் 270 வீட்டுக்குள், 350 வெளியே. 270-க்கு 120 வெள்ளி, 350-க்கு 95 வெள்ளி. மாதம் 215 வெள்ளி குறையும்.

12 கிலோவாட் என்றால் 1,240 யூனிட். வீட்டுக்குள் போவது அதே 270தான், தகடு கூடியதால் நீங்கள் கூடுதலாகச் செலவழிக்கப் போவதில்லை. 970 வெளியே போகும். ஆனால் நீங்கள் வெளியிலிருந்து வாங்குவதே 510 யூனிட். அந்த 510-க்குத்தான் ஈடு கிடைக்கும், 138 வெள்ளி. மீதி 460 யூனிட்டுக்கு ஒரு சென்னும் இல்லை, மாதா மாதம். மொத்தம் 258 வெள்ளி குறையும்.

215-க்கும் 258-க்கும் வித்தியாசம் 43 வெள்ளி. அந்த 43-க்காக 18,000 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 35 வருடம் ஆகும். 6 கிலோவாட்டின் 24,000 சுமார் ஒன்பதேகால் வருடத்தில் வந்துவிடும். வரியும் மற்ற தள்ளுபடிகளும் இதில் சேரவில்லை, அவற்றால் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் எது பெரிது எது சிறிது என்பது மாறாது.

துணி துவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் 11 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே கொண்டுவாருங்கள். வெளியே போகவேண்டிய ஒவ்வொரு யூனிட்டையும் வீட்டுக்குள் இழுத்தால் உங்களுக்குப் 17 சென்னுக்கு மேல் கூடுதல்.

இன்னொன்று, மீட்டர் மாற்றி முடிக்கும் வரை இன்வெர்ட்டரைப் போடவே விடாதீர்கள். என் கூரையில் தகடு ஏறி ஏழு வாரம் கழித்துத்தான் மீட்டர் வந்தது. நான் அமர்த்திய ஆள் "பரவாயில்லை, ஓட விடுங்கள்" என்றார். இரு பக்கமும் அளக்காத பழைய மீட்டர் சிலது, வெளியே போகிறதையும் நாம் வாங்கியதாக எண்ணிவிடும். கொடுத்த கரண்டுக்கு நானே காசு கட்டினேன்.

---

வாசுகி, புக்கிட் மெர்தாஜாம்

தம்பி, உங்கள் கணக்கைத் தாளில் எழுதி என் கணவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். 35 வருடம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 6 கிலோவாட்தான் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு கம்பெனியிடம் கேபிள் அளவோடு விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் உடனே எழுதித் தந்தார்.

வயர்மேன் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. பத்துத் தகடு வரும் என்கிறார்கள். அதை மேற்குக் கூரையில், அவர் படுக்கும் அறைக்கு மேலேயே வைத்தால் அறைக்குச் சூடு குறையுமா?

---

பட்டர்வொர்த் வயர்மேன்

குறையும் தங்கச்சி. வெயில் ஓட்டில் நேராக விழாது, நடுவே காற்றும் போகும். மேற்கு என்பதால் பயப்பட வேண்டாம், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பெரிய நஷ்டம் வராது. உங்களுக்கு மதியத்துக்கு மேல் அதிகம் தரும், அவர் தூங்குகிற நேரமும் அதுதானே. தகட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு கை போகிற அளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். தகடு சூடானாலும் உற்பத்தி குறையும்.