மூணு நாள் முன்னாடி விளையாட பிரீமியம் எடிஷன் வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. புது கேம் ஒண்ணுக்கு பிரீமியம் எடிஷன்தான் வேணும்னு தம்பி அடம்பிடிக்கிறான். மூணு நாள் முன்னாடியே விளையாடலாமாம், கூட்டாளிங்க எல்லாரும் அன்னைக்கே ஆரம்பிக்கிறாங்களாம். 2023-ல ஸ்டார்ஃபீல்டுங்கற கேமும் இப்படித்தான் வந்துச்சு: சாதா பதிப்பு கிட்டத்தட்ட 70 டாலர், அஞ்சு நாள் முன்னாடி வேணும்னா 100. கூடுதலா கட்டாதவங்களுக்குத் தேதியைத் தள்ளிவச்ச மாதிரிதானே இது? எனக்கு மனசு ஒப்பல.

ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில ரீஃபண்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருக்கணும். 2024 ஏப்ரல்லேர்ந்து, முன்கூட்டி விளையாடுற நேரமும் அந்தக் கணக்குல சேருது.

இப்படி வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? முதல் நாட்கள்ல கேம் ஒழுங்கா ஓடுச்சா? சாதா பதிப்பை இப்ப வாங்கிட்டு, டிஎல்சியை (கேமோட கூடுதல் பகுதிகளை) அப்புறமா தள்ளுபடியில வாங்கினா மிச்சமாகுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள அவனுக்குப் பதில் சொல்லணும்.